எழுதப்படாத ஒப்பந்தம்

தர்மம் கொடுப்பவனுக்கு என்ன கிடைக்கும் என்பது பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஜும்ஆப் பிரசங்கங்களிலும் ரமழான் மாதத்து மேடைகளிலும் பேசப்படுவது பெரும்பாலும் அதுதான். வாங்குபவனுக்கு என்ன நேர்கிறது என்பது பற்றிப் பேசியது குறைவு. புற்றுநோயாளரின் பிள்ளைகளுக்கும், தாதியர் பயிற்சி பெறும் யுவதிகளுக்கும் வைத்தியசாலைகளைச் சார்ந்த நலன்புரி நிதியங்கள் வழங்கும் புலமைப்பரிசில்களை முன்வைத்து அந்தக் கேள்வியைச் சற்று யோசித்துப் பார்க்கலாம் என எண்ணுகிறேன்.

இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் உள்ள நாட்டில் இந்த உதவிகளுக்கு என்ன அவசியம் எனக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கிழக்கிலிருந்து இரவு பஸ்ஸில் ஒரு நோயாளியோடு மகரகமைக்குப் போய்வந்தால் விளங்கும். மட்டக்களப்பிலே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருந்தாலும் மகரகமைப் பயணம் பலருக்கு முடிந்துவிடவில்லை. பஸ் காசு, கூட நிற்பவருக்கு அறை வாடகை, இழந்துபோன நாட்கூலி, 2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் வெளியே வாங்கும்படி எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்துகள் என்று எதுவும் அந்த இலவசத்துக்குள் அடங்குவதில்லை. செலவைக் குறைக்க வேண்டி வரும்போது வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பிள்ளையின் டியூஷன் வகுப்பு.

இன்னொன்றும் உண்டு. தகப்பன் மௌத்தானால் அந்தப் பிள்ளையை எத்தீம் என்கிறோம்; அதற்கென நிதியங்கள் வைத்திருக்கிறோம். தாய் மௌத்தானால் மார்க்கச் சட்டத்தின் சொல்வழக்கில் பிள்ளை எத்தீம் ஆவதில்லை. ஆனால், உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்த வீட்டில்தான் மூத்த மகள் அடுப்படிக்குப் போகிறாள். பத்தாம் வகுப்போடு அவளுடைய படிப்பு முடிந்துவிடுகிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்தப் பெண்பிள்ளையைக் கண்டுகொள்வதே இந்தப் புலமைப்பரிசில்களின் பெரிய பயன் என்பது எனது அபிப்பிராயம்.

நிற்க. தாதி மாணவிக்குக் கொடுப்பதும் நோயாளியின் பிள்ளைக்குக் கொடுப்பதும் ஒரே உதவி போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. தாதி மாணவிக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. படித்து முடித்த பின் இத்தனை வருடம் சேவை செய்வேன் என அவள் கையொப்பமிடுகிறாள். வருடம் முடிந்ததும் கடன் தீர்ந்தது. அவளை யாரும் மேடையில் அழவைப்பதில்லை. அவள் இனிச் செய்யப்போவதற்காக அவளுக்குக் கொடுக்கிறோம்.

பிள்ளைக்கோ, அதற்கு நேர்ந்துவிட்ட ஒன்றுக்காகக் கொடுக்கிறோம். அதனிடம் எந்தக் கையொப்பமும் வாங்குவதில்லை. ஆனால் பெயர் வாசிக்கிறோம், தகப்பனின் நோயைச் சொல்கிறோம், கடித உறையை நீட்டியபடி படம் எடுக்கிறோம். அன்றிலிருந்து ஊரில் எங்கே கண்டாலும் அந்தப் பிள்ளை நம்மைப் பார்த்து நன்றியோடு சிரிக்க வேண்டியிருக்கிறது. சிரிக்காவிட்டால், “நாங்க படிப்பிச்ச பொடியன்” என்று பேச்சு வரும். இந்த எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு முடிவுத் திகதி கிடையாது.

இவ்வாறான தெரிவுக் குழு ஒன்றில் சில காலம் நானும் இருந்தேன். நேர்முகத்துக்கு வந்த ஒரு தாய் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு, எழும்பும்போது கேட்டார்:

“சேர், காசு தாறது பெரிய உதவி. ஆனா என்ட மகள்ட பேர மைக்கில வாசிக்காதீங்க. நாளைக்கி அவளுக்கு மாப்பிள்ள பாக்கக்குள்ள இது பரம்பர வருத்தம் எண்டு சொல்லுவாங்க.”

குழுவில் இரண்டு கருத்து எழுந்தது. பெயரை மறைத்தால் கணக்கில் சந்தேகம் வரும், கொடுப்பவர்களும் பின்வாங்குவார்கள் என்றார் ஒருவர். அவரும் நல்ல மனிதர்தான். ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வைத்திருப்பவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 271 ஆவது வசனம் வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லதென்றே சொல்கிறது; மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதை அதைவிட மேலானதாக வைக்கிறது.

பகிரங்கமாகச் செய்ததால் இந்த நாட்டில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்ட 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு நடைபயணம் நடந்தது. 2016 இல் கராப்பிட்டியவுக்காக அதே தூரத்தை மறுபக்கமாக நடந்தார்கள். அதே 2016 இல், புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தகப்பனின் முன்முயற்சியால் மகரகமைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்கென நாடெங்கும் பணம் சேர்க்கப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லோரும் கொடுத்தார்கள். ஊரறியக் கேட்டிருக்காவிட்டால் இது சாத்தியமாகியிருக்காது.

ஆனால் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் வெட்கம் இல்லை. அவற்றின் மேல் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம். பிள்ளையின் மேல் பொறிக்க முடியாது. ஆகவே, திரட்டுவது வெளியில் நடக்கட்டும், கொடுப்பது உள்ளே நடக்கட்டும் என்பதுதான் நான் கண்ட எல்லைக்கோடு. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு தொகை, எந்த வகுப்பு என்று கணக்கைப் பள்ளிவாசல் சுவரிலேயே ஒட்டலாம். பெயர்கள் கணக்காய்வாளரோடு நிற்கட்டும். பணம் மாதந்தோறும் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். நோயாளி சுகமானாலும் மௌத்தானாலும் பிள்ளை க.பொ.த. உயர்தரம் எழுதும்வரை அது நிற்காதிருக்கட்டும்.

தாதியர் விடயத்தில் நமது சமூகத்துக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. விடுதியில் நமது உம்மாவின் உடலைத் துடைத்துவிட ஒரு பெண் வேண்டும், அவள் நமது பாஷை பேசினால் இன்னும் நல்லது என்று விரும்புகிறோம். நோவை உம்மா தமிழில் சொல்ல, கேட்டு விளங்க ஆளில்லாமல் நின்றவர்களுக்கு இந்த விருப்பத்தின் கனம் தெரியும். ஆனால் நமது மகள் தாதியாவதென்றால் இராக் கடமை, சீருடை, ஊர்ப்பேச்சு என்று தயங்குகிறோம். மதீனாவில் காயப்பட்டோருக்குப் பணிவிடை செய்த ருபைதாவின் பெயரை மேடைகளில் சொல்லிவிட்டு, வீட்டில் வேறு தீர்ப்பு வழங்குகிறோம். மகள் விண்ணப்பிக்க வீடு இடம்கொடாவிட்டால் புலமைப்பரிசில் இருந்தும் பயனில்லை.

செல்வந்தரின் பொருளில் கேட்பவருக்கும் கேளாதிருக்கும் வறியவருக்கும் உரிமை உண்டு என்பது நாம் அறிந்ததே. உரிமையைப் பெற்றுக்கொண்டவன் நன்றிக்கடன் படுவதில்லை. நாம் உதவிய பிள்ளை வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, நம்மை அடையாளம் தெரியாமல் கடந்து போகலாம். தனது வீட்டு நோயையும் நமது கடித உறையையும் அது மறந்திருக்கலாம். அப்படி மறந்துபோகும் சுதந்திரத்தையும் சேர்த்தே அதற்கு நாம் கொடுக்க வேண்டும்.