வாயிரும்பும் கையும்

நாவைப் பற்றிப் பேச வந்த யாக்கோபு, தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் முதலில் எடுத்துக்கொள்ளும் உவமை குதிரையின் வாயில் இடப்படும் கடிவாளமே. அவ்வளவு பெரிய உடலை இவ்வளவு சிறிய பொருள் திருப்பிவிடுகிறதே என்னும் வியப்புத்தான் அவ்வுவமையின் உயிர். திருப்பாடல் 32-இலும் கடிவாளம் வருகிறது. அங்கே அது அறிவில்லாத விலங்கை அடக்கும் கருவி. இவ்விரு பகுதிகளையும் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன். ஆயினும் அந்த இரும்பு எந்த வாயில் கிடக்கிறதோ அந்த வாயைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை. குதிரையேற்றக்காரர்களின் வாதங்களைப் படிக்கத் தொடங்கிய பின்னரே அந்த எண்ணம் வந்தது.

நமக்குக் குதிரை தூரத்துப் பொருளாகிவிட்டது. நேர்ப்பார்வை மட்டுமே உடையவனைக் 'கடிவாளம் கட்டிய குதிரை' என்கிறோம். பக்கப் பார்வையை மறைப்பது கண்ணோரத்தில் கட்டும் தோல் மறைப்பு, கடிவாளம் அன்று. பழகாத பொருளைப் பற்றிப் பேசும்போது உவமைகூட இடம் மாறிவிடுகிறது. எனவே செய்தியை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. அங்கே எலும்பின்மேல் மெல்லிய ஈறு போர்த்தியிருக்கும். இயற்கை வேறெதற்கோ விட்ட அந்த இடைவெளியில்தான் மனிதன் இரும்பை வைத்தான். நாக்கின்மேலும் ஈற்றின்மேலும் அது கிடக்கிறது. இரு முனைகளிலும் வளையங்கள், வளையங்களில் வார்கள், வார்களின் மறுமுனை ஏறியிருப்பவன் கையில். 'ஸ்னாஃபிள்' என்னும் வகையில் கை இழுத்த அளவே வாயில் அழுத்தம் விழும். 'கர்ப்' என்னும் வகையிலோ இரும்பின் இருபுறமும் நீண்ட கைகள் தொங்கும். தாடைக்கு அடியில் ஒரு சங்கிலி ஓடும். நெம்புகோல் போல, கை சிறிது இழுத்தாலும் வாயில் அது பெருகி விழும்.

இந்த ஒரு வேறுபாட்டின்மேல் எழுந்துள்ள அபிப்பிராயங்களுக்கு அளவே இல்லை. ஆங்கிலேய முறையில் பயின்றவர்களில் பலர் ஸ்னாஃபிள் மென்மையானது என்றும், நீண்ட கைகளுடைய எதுவும் கொடுமையானது என்றும் நம்புகின்றனர். ஆனால் முறுக்கிய மெல்லிய கம்பியால் செய்யப்பட்ட ஸ்னாஃபிளும் உண்டு. பெயரளவில் அதுவும் மென்மையான குலத்தைச் சேர்ந்ததே. இரும்பே இல்லாமல் மூக்கின்மேல் மட்டும் வார் கட்டி ஏறுவோர், தங்கள் முறையில் வலியே இல்லை என்கின்றனர். அவர்கள் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்றான நெம்புகோல் வகை 'ஹாக்கமோர்', மூக்கின் மெல்லிய எலும்பை அழுத்தக்கூடியது என்பதை அவர்களுள் எல்லாரும் நினைவில் கொள்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தம் கருவி நியாயமானது. அடுத்தவர் கருவி கொடுமையானது. மனித இனத்தின் மற்றத் துறைகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன என்றாலும், இங்கே வழக்கின் விலையைக் கொடுப்பது வாதாடுவோரில் எவரும் அல்லர்.

பழைய கலிஃபோர்னியாவின் மாட்டுப் பண்ணைக் குதிரைவீரர்கள், 'வக்கேரோ' எனப்பட்டவர்கள், 'ஸ்பேட்' என்னும் கடிவாளத்தை உயர்வாகப் போற்றினர். வாய்க்குள் மண்வெட்டித் தகடு போல ஒரு பகுதி மேலே எழுந்து நிற்கும். அதைக் கண்ட வெளியார் கொடுங்கருவி என்று அருவருத்தனர். வக்கேரோக்களின் மறுமொழியோ வேறு. அவர்கள் குதிரையை உடனே அந்த இரும்புக்குக் கொண்டுவருவதில்லை. முதலில் மூக்குக் கயிற்றால் பழக்கி, பிறகு படிப்படியாகப் பல ஆண்டுகள் பயிற்றிய பின்னரே அதை வாயில் இடுவர். அப்போது வார் தளர்ந்து தொங்கும். விரல் அசைந்தாலே குதிரை புரிந்துகொள்ளும். 'இழுக்கவே இழுக்காத கருவி எப்படிக் கொடுமையாகும்?' என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்வி எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. குதிரையேற்றக்காரர்களிடையே எங்கும் வழங்கும் ஒரு பேச்சு இதிலிருந்தே பிறக்கிறது: கடிவாளத்தில் கொடுமை இல்லை, அதைப் பிடித்த கையில்தான் இருக்கிறது என்பது அது. இது பாதி உண்மை. முரட்டுக் கையில் ஸ்னாஃபிளும் வாயைக் கிழிக்கும் என்பது மெய்யே. ஆனால் இந்தப் பேச்சு நடைமுறையில் செய்யும் வேலை என்ன? கருவியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. பிறகு, 'என் கை மென்மையானது' என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்கின்றனர். இருவரும் விடுதலையான பின் வாயிலுள்ள புண்ணுக்கு யார் பொறுப்பு? அறநெறி ஆசிரியர்கள் ஒரு செயலை ஆராயும்போது செயலின் பொருள், நோக்கம், சூழ்நிலை மூன்றையும் பார்க்கச் சொல்வர். நோக்கம் நல்லதென்பதால் மற்ற இரண்டும் கேட்கப்படாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அவை மூன்றாக வைக்கப்பட்டன.

இக்குழப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனஃபோன், வற்புறுத்திச் செய்விப்பதில் அழகு இராது என்று கண்டவர். அதே நூலில், ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு கடிவாளங்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறார்: ஒன்று வழவழப்பானது, மற்றது கூர்முனைகள் கொண்டது. கூரியதை அறிந்த குதிரை வழவழப்பானதில் மகிழும் என்பது கணக்கு. ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் அருகருகே இருந்தன. அவர் அதில் முரண்பாடு கண்டதாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் ஃபிரான்சுவா போஷே என்னும் பயிற்சியாளர் இருந்தார். குதிரைகளில் சிலவற்றுக்கு வாய் கடினமாகிவிட்டது, ஆகவே கடிய இரும்பு வேண்டும் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், எல்லாக் குதிரைகளின் வாயும் உணர்வில் ஒன்றே என்று அவர் வாதிட்டார். அதற்காக அவருக்கும் தோர் பிரபுவுக்கும் ஆதரவாளர்கள் சூழப் பெரும் பூசல் நடந்தது. 1855-இல் கூரையிலிருந்து சரவிளக்கு ஒன்று விழுந்து போஷே கடுமையாகக் காயமுற்றார். அதன் பின் பழைய வலிமை அவருக்கு இல்லை. அந்தப் பிற்காலத்தில்தான் அவர் கர்ப்பைப் பெரும்பாலும் விட்டு ஸ்னாஃபிளுக்கு வந்து, தம் முறையையே மாற்றி எழுதினார். வலிமை குறைந்ததால் கருத்து மென்மையானதா, கருத்து முதிர்ந்ததா, என்னால் சொல்ல இயலாது. தம் கருத்தை மாற்றிக்கொண்ட குதிரையேற்றக்காரர் மிகச் சிலரே என்பதால் அவரை இங்கு நினைக்கிறேன்.

குதிரை இதில் என்ன சொல்கிறது? வேட்டையாடப்படும் விலங்கு அது. வலியை மறைப்பது அதன் இயல்பு. அதனால் இயன்றது வாயைத் திறந்து அழுத்தத்திலிருந்து நழுவப் பார்ப்பதே. அப்படித் திறக்காமல் இருக்க மூக்கைச் சுற்றி ஒரு பட்டை கட்டுகின்றனர். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்ச்சி வேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், போட்டிகளில் பங்கேற்ற 750 குதிரைகள் அளக்கப்பட்டன. இரண்டு விரல் நுழைந்தவை நூற்றுக்கு 7 மட்டுமே. ஒரு விரலும் நுழையாதவை நூற்றுக்கு 44. ஃபின்லாந்தில் பந்தயம் முடித்த 261 குதிரைகளின் வாயைத் திறந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 84 குதிரைகளுக்கு இரும்பு படும் இடத்தில் புதிய காயங்கள் இருந்தன. வெளியே இரத்தம் தெரிந்தவை மிகச் சிலவே. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, மூக்குப்பட்டையை எல்லா இடத்தும் ஒரே விதமாக அளக்கும் கருவியை 2025-இல்தான் கொண்டுவந்தது. கட்டிய வாய் அமைதியாக இருக்கிறது. அமைதியான வாயைக் கண்டு, 'குதிரை மனமுவந்து இசைகிறது' என்று பார்வையாளர் கைதட்டுகின்றனர். இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு குத்தியது.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்தவன் நான். அக்காலத்தில் ஆசிரியர் அறையில் நாங்களும் அதே பேச்சைத்தான் பேசினோம்: பிரம்பு என்ன செய்யும், பிடித்த கையல்லவா பார்க்க வேண்டும் என்று. நான் அடிப்பது மிக அரிது. பிரம்பு மேசைமேல் கிடக்கும். என் வகுப்பு அமைதியாக இருக்கும். அதில் எனக்கு ஓரளவு பெருமையும் உண்டு. பல்லாண்டுகளுக்குப் பின் திருமண வீடொன்றில் சந்தித்த பழைய மாணவர், 'நீங்கள் அடித்ததாக நினைவில்லை, ஐயா. ஆனால் அந்த மேசையை இன்றும் கனவில் காண்கிறேன்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மரியாதையுள்ளவர்; குற்றம் சாட்டவில்லை. வக்கேரோவின் தளர்ந்த வாரைப் பற்றிப் படித்தபோது அந்த மேசைதான் என் முன் வந்து நின்றது. இழுக்காத வார் ஏன் பேசுகிறது? அதன் மறுமுனையில் இருப்பது என்னவென்று வாய்க்குத் தெரியும். பல ஆண்டுப் பொறுமையும் பயிற்சியும் அங்கே மெய்யாகவே இருந்தன, தகடும் இருந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல ஏறியிருப்பவரால் ஆகாது. அதைச் சொல்லக்கூடியது குதிரை ஒன்றே.

குதிரைக்காக ஒருவர் சொல்லிப் பார்த்தார். அன்னா சூவல் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பதினான்காம் வயதில் வழுக்கி விழுந்து கணுக்கால்கள் கெட்டு, வாழ்நாளெல்லாம் குதிரைவண்டியையே நம்பி நடமாடியவர். நோய்ப் படுக்கையில் கிடந்தபடி அவர் எழுதிய 'பிளாக் பியூட்டி' என்னும் கதை 1877-இல் வெளியானது. கதையைச் சொல்வது குதிரையே. வண்டிக் குதிரைகளின் தலையை அழகுக்காக மேலே தூக்கி நிறுத்தும் 'பேரிங் ரெய்ன்' என்னும் வாரை அக்கதை மனிதர் நெஞ்சில் தைக்கும்படி காட்டிற்று. எட்வர்டு ஃபோர்டாம் ஃபிளவர் என்பவர் 1875-இலேயே அதே வாருக்கு எதிராகச் சிறுநூல் எழுதியிருந்தார். நாகரிகம் கருதி அதைக் கட்டியவர்கள் கழற்றவில்லை. கதை வெளியாகி ஐந்து மாதங்களில், 1878 ஏப்ரலில், அன்னா இறந்தார்.

அடக்க நாளன்று நார்ஃபோக்கில் அவர் வீட்டு வாசலில் சவவண்டி வந்து நின்றதாம். சன்னல் வழியே பார்த்த தாய் மேரி சூவல், குதிரைகளின் தலைகள் அந்த வாரால் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டார் என்று குடும்பத்தார் நினைவு கூர்வர். மகளின் உடலை வெளியே எடுக்குமுன் அந்த முதியவள் கீழே இறங்கி வந்து, வார்களைக் கழற்றச் சொன்னார். வண்டிக்காரர்கள் கழற்றினார்கள். குதிரைகள் தலையைத் தாழ்த்திக்கொண்டன.