எறியாத பந்து

பந்து கைக்கு வந்துவிட்டது. எதிரணியினர் எவரும் அருகில் இல்லை. கூடைக்கும் அவனுக்கும் இடையே வெறுந்தரைதான் கிடக்கின்றது. அரங்கில் நிறைந்திருக்கும் ஆயிரக்கணக்கானோர் "எறி, எறி" என்று கூவுகின்றனர். அவனோ ஒரு கணம் தயங்குகின்றான். பின், பந்தை அடுத்தவனிடம் கொடுத்துவிடுகின்றான்.

அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்து ஆட்டங்களைக் காண்போர்க்கு இக்காட்சி புதிதன்று. ஆற்றல் உண்டு, ஐயமில்லை. பயிற்சியின்போது பந்து தவறாமல் கூடையில் விழுகின்றது. ஆட்டத்தில் மட்டும் அவன் எறிய மாட்டான். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடுவர். ஒரு கட்சி அவனைக் கோழை என்னும். மறு கட்சி தன்னலமற்றவன் என்னும். ஒரே செயலுக்கு இவ்விரு பெயர்களையும் எவ்வாறு சூட்ட முடிகின்றது என்ற வியப்பே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. விளையாட்டுச் செய்திக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். ஒருவன் தன்னிடமுள்ள ஆற்றலைப் பயன்படுத்தாது விடும்போது அவனைக் கேள்வி கேட்கும் உரிமை பிறர்க்கு உண்டா என்பது விளையாட்டைப் பற்றிய வினா மட்டும் அன்றே!

கூடைப்பந்து பிறந்த கதையே இவ்வழக்கிற்கு ஒரு முன்னுரை. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் பீச் பழக் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் அறைந்து, 13 விதிகளை எழுதி இவ்வாட்டத்தை உண்டாக்கினார். பந்தைப் பிடித்தவன் அதனுடன் ஓடலாகாது, நின்ற இடத்திலிருந்தே அதனைப் பிறருக்கு எறிய வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆகவே, கொடுத்தல் என்பது இவ்வாட்டத்தின் பிறவிக் குணம். எறியத் தயங்கிக் கொடுப்பவனும் அந்தப் பழைய குணத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள இயலும்.

ஆயினும் ஆட்டம் அன்றிருந்தவாறே இருந்துவிடவில்லை. 1986-87 ஆட்டப் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் யாவும் கூடையிலிருந்து 19 அடி 9 அங்குலத் தொலைவில் ஒரு வளைகோட்டை வரைந்தன. கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி. உள்ளிருந்து எறிந்து விழுந்தால் இரண்டே. முதல்நிலைக் கல்லூரிகளின் ஆண்கள் ஆட்டத்தில் 2019-20இல் அக்கோடு 22 அடியையும் கடந்து பின்னே சென்றது. இந்த ஒரு கோடு தயக்கத்திற்கு விலை குறித்துவிட்டது எனலாம். கணக்கைப் பாருங்கள். அருகிலிருந்து பத்து முறை எறிந்து ஐந்து விழுந்தால் பத்துப் புள்ளி. தொலைவிலிருந்து பத்து முறை எறிந்து நான்கே விழுந்தாலும் பன்னிரண்டு புள்ளி.

இக்கணக்கில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது வேறொன்று. தொலைவிலிருந்து பத்தில் நான்கு போடுபவன் தேர்ந்த வீரனாகப் போற்றப்படுகின்றான். அவன் பத்தில் ஆறு முறை தவறுகின்றான்! வெற்றியினும் தோல்வியையே மிகுதியாகக் கைக்கொண்டு, அதையும் பல்லாயிரவர் கண்முன்னே கைக்கொண்டு, அடுத்த முறையும் கூசாமல் கை தூக்க வேண்டும். கையின் திறமை இதற்குப் போதாது. தவறுவதைத் தாங்கும் மனம் வேண்டும். அது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவரைப் பழிப்பதற்கு முன், நம்முள் எத்தனை பேர் பத்தில் ஆறு முறை தவறும் தொழிலை ஊரறியச் செய்ய முன்வருவோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

2015-16 பருவத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணியில் ஓராண்டு ஆடிய பென் சிம்மன்ஸ், இவ்வழக்கிற்கு நாம் கண்டெடுத்த தெளிவான சான்று. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பிறந்த நெடிய இளைஞர். அவ்வாண்டில் ஆடிய 33 ஆட்டங்களில் சராசரி 19.2 புள்ளிகள் எடுத்தார். ஆட்டத்திற்குப் பன்னிரண்டு முறை அளவில், கூடையில் விழாது திரும்பிய பந்துகளைப் பற்றினார். இத்தகைய வீரர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அந்த ஆண்டு முழுதும் எறிந்தது எத்தனை முறை? மூன்றே முறை. விழுந்தது ஒன்று. எறிவதற்கென ஓர் அணிக்கு அளிக்கப்படும் நேரம் 35 விநாடியிலிருந்து 30 விநாடியாகக் குறுகிய பருவமும் அதுவே.

அவர் ஆடிய அரங்கின் பெயரை நினைத்தால் புன்னகை தோன்றாமற் போகாது. பீட் மாராவிச்சின் பெயர் தாங்கிய அரங்கம் அது. மாராவிச் 1967 முதல் 1970 வரை அதே பல்கலைக்கழகத்திற்காக 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள் குவித்தவர். ஆட்டத்திற்கு 38 முறை அளவில் எறிந்தவர். மூன்று புள்ளிக் கோடு தோன்றுமுன்னரே அவர் ஈட்டிய அப்புள்ளிகளை, ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் முதல்நிலை வீரர் எவரும் இன்றளவும் தாண்டவில்லை. எறிவதற்கே பிறந்தவர் எனப் பெயர் பெற்றவரின் கூரைக்கடியில் எறிய மறுத்தார் சிம்மன்ஸ்.

அதே பல்கலைக்கழகத்தில் 1988-89இல் முதலாண்டு மாணவராக ஆட்டத்திற்கு 30.2 புள்ளிகள் எடுத்த மற்றொருவரையும் இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். அன்று கிறிஸ் ஜாக்சன். 1991இல் இஸ்லாத்தைத் தழுவிப் பின்னர் மஹ்மூத் அப்துர் ரவூஃப் ஆனவர். டூரெட் என்னும் நரம்புக் கோளாறு அவர்க்கு உண்டு. பந்து வலையை உரசும் ஓசை தம் மனத்திற்குச் சரியென ஒலிக்கும்வரை பயிற்சிக் கூடத்தை விட்டு வெளியேற இயலாது தவித்ததை அவரே கூறியிருக்கின்றார். அரங்கத்தினர் கண்டது அஞ்சாத கை. அக்கைக்குப் பின்னால் இருந்த அவதியை அவர்கள் கண்டாரில்லை. எறிபவனின் துணிவும் நாம் நினைக்கும் துணிவாக இருக்க வேண்டுவதில்லை போலும்.

சிம்மன்ஸைப் பற்றிய வாதங்கள் பலவகையாக எழுந்தன. இடக்கையால் எறியும் அவர், கூடையருகே வலக்கையாலேயே பெரும்பாலும் பந்தைப் போடுவதைக் கண்டு, தவறான கையைத் தேர்ந்துகொண்டார் என்றனர் சிலர். எறியாமலே வெல்ல வல்லவர்க்கு எறிதல் எதற்கு என்றனர் வேறு சிலர். கடுமையாகப் பேசியோர், தவறினால் தம் மதிப்புக் குறையுமென்று அஞ்சி ஒளிகின்றார் என்றனர். அவ்வாண்டு அவர் அணி 19 ஆட்டங்களில் வென்று 14இல் தோற்றது. தேசியப் போட்டிக்குள் நுழையவே இல்லை.

ஆற்றல் என்பது ஓர் அமானிதம், அதை மூடி வைக்கும் உரிமை ஒருவனுக்கு இல்லை என்பதே குறை கூறுவோர் வாதத்தின் சாரம். இதில் பாதியை நாம் ஒப்புக்கொள்கின்றோம். எறியாமை ஒன்றும் செய்யாமை அன்று. இவன் எறிய மாட்டான் எனத் தெரிந்துகொண்ட எதிரணியினர் அவனைக் காப்பதை விட்டு விலகி, அவனுடைய தோழர்களை நெருக்குகின்றனர். அவன் கொடுக்கும் பந்து, நல்ல வாய்ப்பிலிருந்தவன் கையை விட்டு, இறுக்கத்தில் சிக்கியவன் கைக்குப் போகின்றது. விநாடிகளும் தீர்ந்துகொண்டிருக்கின்றன. இறுதியில் எவனோ ஒருவன் வேறு வழியின்றி எறிகின்றான், தவறுகின்றான், பழியையும் ஏற்கின்றான். அடக்கம் போலத் தோன்றிய செயல், சுமையைத் தோழன் தலையில் ஏற்றியதாக முடிகின்றது.

மறு பாதியை நாம் ஏற்பதற்கில்லை. அமானிதம் என்றால் யாருடைய அமானிதம்? அரங்கில் அமர்ந்திருப்போர் அதற்கு உரியவர்களா? சிம்மன்ஸ் ஆடிய காலத்தில் கல்லூரி வீரர்க்குக் கல்வி உதவியும் தங்கும் செலவும் உண்டேயன்றி ஊதியம் இல்லை. தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட 2021 ஜூலையில்தான் வழி பிறந்தது. பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பங்களிக்கும் ஏற்பாடு 2025இல் வந்தது. ஊதியம் பெறாத ஒரு மாணவனிடம், நுழைவுச்சீட்டு வாங்கியவர் கடன் கொடுத்தவரைப் போல் கணக்குக் கேட்பது விந்தையே. ஊதியம் வந்த பின்னரும், வாங்கப்படுவது அவனுடைய உழைப்பேயன்றி நெஞ்சம் அன்று. கேட்கும் உரிமை உடையோர் அவனுடைய அணித் தோழர்களே. அவர்கள்தாம் அவன் கொடுக்கும் பந்தைப் பிடிக்க வேண்டியவர்கள்.

இனி, கோழை என்ற சொல்லுக்கு வருவோம். 2016இல் தொழில்முறை அணிகள் இளம் வீரரைத் தேர்ந்தபோது, பிலடெல்பியா அணி சிம்மன்ஸை முதல்வராக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டும் முதல் தேர்வு அவ்வணிக்கே வாய்த்தது. மார்க்கெல் ஃபுல்ட்ஸ் வந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொலைவிலிருந்து நூற்றுக்கு 41 என்ற அளவில் பந்தைக் கூடையில் சேர்த்தவர் அவர். எறிய அஞ்சாதவர். அவர் கையும் சில திங்களுக்குள் தடுமாறிற்று. முதற்பருவத்தில் 14 ஆட்டங்களே ஆடினார். 2018 நவம்பரில் ஒருநாள், எதிரில் எவரும் தடுக்காத எறியின்போது அவர் கை இடைவழியில் துடித்து நின்றதைத் திரையில் கண்டோர் நகைத்தனர். மனம் உடைந்தவர் என்றனர். அச்சம் பிடித்தவர் என்றனர். அடுத்த திங்களே மருத்துவர் கூறியது வேறு: கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்புகள் நெருக்குண்ணும் நோய். அந்நோய் எவ்வளவு, அதனால் விளைந்த அச்சம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலேயே இயலுமோ, என்னவோ. நகைத்தவர்களுக்கு மட்டும் அனைத்தும் தெரிந்திருந்தது.

எண்ணிப் பார்க்கக் கூடியவற்றிலேயே கண் நம்மை ஏமாற்றும். அடுத்தடுத்துப் பந்து விழுந்தால் "கை சூடேறிவிட்டது" என ரசிகர்கள் கூறுவதுண்டு. 1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர்கள் கார்னெல் பல்கலைக்கழக வீரர்களையும் ஆராய்ந்து, அது வெறும் மயக்கம் என்றனர். பல்லாண்டுகள் அதுவே முடிந்த முடிபாயிருந்தது. 2018இல் மில்லர், சஞ்சூர்ஹோ இருவரும் அக்கணக்கீட்டிலேயே நுண்ணிய பிழை இருந்ததைக் காட்டினர். விழுந்த பந்தையும் விழாத பந்தையும் எண்ணுவதிலேயே இத்தனை சிக்கல் என்றால், எறியாத பந்தின் நிய்யத்தை மேல்வரிசையில் அமர்ந்து படிப்பது எங்ஙனம்? பிறரை எண்ணித் தயங்குபவனும் தன்னை எண்ணித் தயங்குபவனும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவர்.

ஆகவே செயலின் விளைவைப் பேசலாம். தோழர்க்கு நேர்ந்த இழப்பைப் பேசலாம். உள்ளத்தைப் பேசுவதற்கில்லை என்பதே நம் கருத்து. இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவறினால் என்ன நேரும் என்பதை அவனுக்குக் கற்பிப்பவர்கள் சுற்றியிருப்பவர்களே.

1982 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த கல்லூரி இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். வட கரோலினா அணியின் முதலாண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டன், சில விநாடிகளே எஞ்சியிருக்கையில் தயங்காது எறிந்தார், விழுந்தது. 63க்கு 62. உலகம் அதையே நினைவிற் கொண்டுள்ளது. பந்து அவர் கைக்கு வருமுன்பே, வந்தால் எறி என்று பயிற்சியாளர் டீன் ஸ்மித் சொல்லியனுப்பியிருந்தார் என்பதைச் சிலரே நினைப்பர். அதன்பின் நடந்தது நமக்கு இன்னும் பெரிதாகப் படுகின்றது. ஜார்ஜ்டவுன் அணியின் ஃபிரெட் பிரவுன், தோழன் என்று மயங்கி எதிரணி வீரர் கையிலேயே பந்தைக் கொடுத்துவிட்டார், ஆட்டம் முடிந்தது. அவருடைய பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன் அனைவரும் காண அம்மாணவரை அணைத்துக்கொண்டார். அவ்வணைப்பைக் கண்ட அவ்வணியின் மற்ற மாணவர்கள் அடுத்த ஆண்டு எறிவதற்கு அஞ்சியிருப்பார்களா?

சிம்மன்ஸுக்கு வாய்த்த நாள் வேறுவிதமாயிற்று. 2019 நவம்பர் 20இல், தொழில்முறைப் பருவ ஆட்டமொன்றில் அவருடைய முதல் மூன்று புள்ளி எறி விழுந்தபோது, பிலடெல்பியா அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. ஓர் எறிக்கு அத்துணை ஆரவாரம் என்றால் அது வாழ்த்தா, சுட்டிக்காட்டலா என நமக்கு ஐயமே. 2021 ஜூன் 20இல் அதே அரங்கம். அட்லாண்டா அணியுடன் ஏழாவது, இறுதி ஆட்டம். அத்தொடரில், தடையின்றி எறியக் கிடைத்த 45 வாய்ப்புகளில் அவர் போட்டவை 15 மட்டுமே. ஆட்டம் முடிய மூன்றரை நிமிடம் இருக்கையில், இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், கூடைக்கு நேர் கீழே பந்துடன் நின்றார். கை நீட்டினால் முடிந்தது. அவர் எறியவில்லை, மத்தீஸ் தைபுல் என்னும் தோழரிடம் கொடுத்தார். அணி தோற்றது. இத்தகைய வீரரைக் கொண்டு வாகை சூட இயலுமா எனச் செய்தியாளர் கேட்டபோது, தமக்கு விடை தெரியவில்லை என்றார் பயிற்சியாளர். அணைக்கக் கை நீளவில்லை. அதன்பின் சிம்மன்ஸ் அந்நகரத்து அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

அன்றுமுதல் எத்தனையோ பேர் எத்தனையோ முறை அக்காட்சியைத் திரையிட்டுப் பார்த்து, எறியாத அந்தப் பந்தைப் பற்றியே பேசுகின்றனர். பந்தைப் பெற்ற தைபுலைப் பற்றிப் பேசுவோர் அரியர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபுல்ட்ஸுடன் ஓராண்டு ஆடியவர் அவர். நெருக்கத்தினிடையே எழும்பினார், எதிரணியினர் இடித்தனர், அதற்காக இரண்டு எறிகள் கிடைத்தன. அரங்கம் முழுதும் பார்த்திருக்கத் தனியே கோட்டில் நின்று எறிந்தார். ஒன்று விழுந்தது. ஒன்று விழவில்லை.