பொழுது யாருடைய பொருள்?

"இறைவழிபாட்டிற்கும் நூலாராய்ச்சிக்கும் பொழுது வாய்க்கவில்லை" என்னும் சொல் இக்காலத்து இல்லறத்தார் பலர் வாயினின்றும் பிறக்கின்றது. வேறு சிலரோ, பூசையிலும் புராண விரிவுரையிலும் பொழுதெல்லாம் போக்கி, மனை மக்களை வாடவிட்டு, அதனையே பத்தியென்று மதிக்கின்றனர். முன்னையோர் இறைகடனை மறுக்கின்றனர். பின்னையோர் இறைவன் பெயரால் உலகக் கடனை மறுக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் பொழுதைத் தம் உடைமையெனக் கொண்டமையின் வழுவினர் என்பதும், பொழுதை வகுத்துக்கொள்ளும் நெறி இன்னதென்பதும் ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாம்.

காலம் என்பது யாது? சைவ சித்தாந்தம் கூறும் 36 தத்துவங்களுள், வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுவது அது. அசுத்த மாயையினின்றும் தோன்றி, இறப்பு நிகழ்வு எதிர்வு என மூன்றாய் நின்று, வினைப்போகத்தை அளவுபடுத்துவது. சடமாகலின் தானே இயங்கமாட்டாது. சிவசத்தியாற் செலுத்தப்பட்டே இயங்கும். ஆகவே காலம் உயிரினால் ஆக்கப்பட்டதுமன்று, உயிரின் ஆணைக்கு உட்பட்டதுமன்று. தனு கரண புவன போகங்களைப் போலவே, ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த உயிர் அறிவு விளங்கும்பொருட்டு இறைவன் கருணையால் உதவிய கருவி அஃதென்க. உதவப்பட்ட கருவியை உடைமையென எண்ணுதல் 'எனது' என்னும் செருக்கின்பாற்படும். "என் பொழுதை என் விருப்பம்போற் கழிப்பேன்" என்பான் கூற்றில் அச்செருக்கு உளது. "என் பொழுது முழுவதையும் இறைவனுக்கு ஈந்தேன்" என்பான் கூற்றிலும் அஃது ஒளிந்து நிற்கின்றது.

அற்றேல், வினைப்பயன் நியதியால் வரையறுக்கப்பட்டுக் காலத்தாற் கூட்டப்படுமாகலின், நாளை நாமே வகுத்துக்கொள்ளுதலாற் போந்த பயன் என்னை எனின், கூறுதும். நியதி வரையறுப்பது, செய்தவனே தன் வினைப்பயனை நுகருமாறேயாம். அந்நுகர்ச்சி பிராரத்தம். அதனை நுகருங்கால் உயிர் எண்ணுவதும் சொல்லுவதும் செய்வதும் ஆகாமியத்திற்கு வித்தாகின்றன. உயிர் சடமன்று, இச்சா ஞானக் கிரியைகளை உடையது. அவற்றுட் கிரியையை ஒருசிறிது விளக்குதற்கன்றோ கலை என்னும் தத்துவம் உதவப்பட்டது? தாய்க்குப் பிணி வருதல் அவளது பிராரத்தமாகலாம்; அவளுக்கு உரிய வேளையில் மருந்து கொடுத்தலும் கொடாமையும் மகனது ஆகாமியம். வருவது நம் கையில் இல்லையாயினும், வந்த நாழிகையில் நாம் நிற்கும் நிலை நம்மேலதே.

இனி, பொழுதைப் போற்றும் முறையைத் திருத்தொண்டர் வரலாற்றிற் காண்போம். சாக்கிய நாயனார் நாடோறும் உண்பதன் முன் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபடும் நியமம் பூண்டவர். ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்த அப்பொழுதே எழுந்து விரைந்து சென்று அதனைச் செய்தார். அவ்வழிபாடு கொண்ட பொழுது ஒரு கல் எறியும் அளவே. அளவின் சிறுமை அதனைத் தாழ்த்தவில்லை. தவறாமை அதனை உயர்த்திற்று. காஞ்சியில் ஆடையொலிக்கும் தொழிலினராய திருக்குறிப்புத் தொண்டர், அடியவராய் வந்த இறைவனது கந்தையைப் பொழுது சாய்வதற்குள் ஒலித்துத் தருவதாக ஏற்றார். மழை விடாமையின் சொன்ன வேளை தவறுமென்று வருந்திக் கற்பாறையில் தலையை மோதப் புகுந்தார். தொழில் வேறு தொண்டு வேறு என அவர் பகுக்கவில்லை. ஏற்றுக்கொண்ட வேளையைக் காத்தலே தொண்டாயிற்று. இவர்தம் வரலாற்றை விரித்துரைத்த சேக்கிழார் பெருமானும் சோழ அரசில் அமைச்சுரிமை பூண்டவரே.

ஆகலின், வாழ்க்கையிற் சமநிலை என்பது எல்லாக் கடனுக்கும் ஒத்த அளவு பகிர்தலன்று. உரியதற்கு உரிய வேளையில் உரிய அளவு நல்குதலாம். ஆறு காலப் பூசை நிகழும் திருக்கோயிலை நோக்குக. உஷக்காலம் முதல் அர்த்தசாமம் ஈறாக ஒவ்வொன்றற்கும் வேளை உண்டு. உச்சிக்காலத்தின்பின் நடை சார்த்தப்படுகின்றது. இரவிற் பள்ளியறை வழிபாடும் நிகழ்கின்றது. ஊனுடம்பு தாங்கிய நாம் உறக்கத்தைக் குறைத்து அதனைத் தவமென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை 1 என்பது 24 நிமிடம்; 2½ நாழிகை ஒரு மணி. பாசறையிலும் நாழிகைக் கணக்கர் நீர்க்கன்னலாற் பொழுதளந்தமையை முல்லைப்பாட்டாற் காண்கின்றோம். உறக்கத்திற்கு 20, தொழிலுக்கு 20, நீராடல் உணவு மனைக்கடன்களுக்கு 10, நூலாராய்ச்சிக்கு 5, வழிபாட்டிற்கு 5 என இல்லறத்தான் வகுத்துக்கொள்ளின் 60 நிரம்பும். தொழிலும் அகவையும் நோக்கி இவ்வளவு மாறலாம். வழிபாடு அரை நாழிகையாகச் சுருங்கினும் இழுக்கின்று, நாடோறும் தவறாதாயின். மடாலயங்களில் மணியோசை நாளை வகுத்துத் தருகின்றது. இல்லறத்தார்க்கு அம்மணியை அடிப்பார் இலர். தாமே அடித்துக்கொள்ளல் வேண்டும்.

பொழுது வாய்க்கவில்லை என்பார் ஒன்று எண்ணிப் பார்ப்பாராக. கைபேசியை ஒருமுறைக்குக் கால் நாழிகையாக நாளொன்றுக்கு 10 முறை வீணே நோக்கின், கழிவது 2½ நாழிகை. மேலே வழிபாட்டிற்கு வகுத்ததிற் செம்பாதி அது. ஓராண்டிற்கு 365 மணி, அஃதாவது 15 நாளின் மேலும் ஆகின்றது. இப்பொழுதைக் கவர்ந்தார் பிறர் அல்லர்.

இனி, வகுத்த வகுப்பே தளையாதலும் கூடும் என்பதை மறத்தலாகாது. பூசைவேளையில் அயல்மனையான் நெஞ்சுநோவுற்று உதவி வேண்டி அழைப்பின் செய்யற்பாலது யாது? எழுந்து செல்லலேயாம். என்னை? நியமம் தற்போதம் கெடும்பொருட்டு ஏற்பட்டது. அதனை "என் நியமம்" எனப் பற்றிக்கொண்டு துன்புற்றாரைப் புறக்கணிப்பின், கெடவேண்டிய தற்போதமே வளரும். ஆயின் இவ்விலக்கினை மடிமைக்குப் போர்வையாக்கலும் தகாது. விட்ட நியமம் பிறர் துயர் தீர்த்தற்பொருட்டோ, தன் இன்பத்தின்பொருட்டோ என்று அவனவன் நெஞ்சத்தையே வினவித் தெளிக. முன்னதாயின் சென்ற இடத்தும் சிவபணியே நிகழ்ந்ததாம். பின்னதாயின் பூசையறையில் அமர்ந்திருப்பினும் பொழுது வீணாயிற்றென்க.

இதுகாறுங் கூறியவாற்றால், பொழுது உயிரின் உடைமையன்று, இறைவன் நல்கிய அடைக்கலம் என்பதும், அதனைக் கடன்தோறும் வகுத்துச் செலுத்தல் வினைக்கொள்கைக்கு மாறன்று என்பதும், வகுப்பினும் அருளே பெரிது என்பதும் பெறப்பட்டன. அடைக்கலப் பொருளை ஏற்றவன் இரவில் அதன் கணக்கை நோக்காது உறங்கான். நாமும் துயிலப் புகுமுன், அன்று பெற்ற 60 நாழிகையும் யார்யாருக்கு உரியவாய்ச் சென்றன என்று ஒருகணம் எண்ணித் திருவைந்தெழுத்தை ஓதித் துயில்வோமாக.