கல்லும் சோழியும்

காசியில் கங்கைக்கரை மான்மந்திர் மாளிகையின் மேல்தளத்தில் 18ஆம் நூற்றாண்டில் மன்னர் சவாய் ஜெய்சிங் அமைத்த கல்கருவிகள் வானைக் கண்ணால் அளப்பவை. ஆகாயத்தையே இறைவடிவாகக் கொண்ட சிதம்பரம் உள்ளிட்ட தமிழ்நிலத்திலோ வானக்கணிதம் வாக்கியங்களில், அதாவது எண்களை எழுத்துகளாக்கி மனப்பாடம் செய்த சொற்றொடர்களில், நெடுங்காலம் வாழ்ந்தது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பியே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை வானியலர் ஜான் வாரன் பதிவு செய்துள்ளார்.

எனில், சடங்குகளுக்குரிய புனிதவேளை வானில் காணப்படுவதா, கணிக்கப்படுவதா? செம்மை படர்ந்த திருவாதிரை விண்மீன் நிலவை ஒட்டி மேற்கே சாயும் மார்கழி விடியலில் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் நடராசருக்கு மகாபிஷேகம் நிகழ்கிறது. முகில் மூடினாலும் அது நிற்பதில்லை. 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலர் லெ ழாந்தீலுக்கோ, ஒரு காலைநேர மேகம் எல்லாவற்றையும் பறித்துவிட்டது.