நின்ற வண்டி

சீட்டைத் தூக்கியதும் முதலில் தெரிந்தது அப்பாவின் கையெழுத்து. தேங்காய் நாரும் ரெக்சின் கிழிசலும் வைக்கோலும் சேர்த்து உருட்டி வைத்த ஒரு கூடு. அதன் உள்பக்கம் முழுக்கக் காகிதம். ஒவ்வொரு துணுக்கும் விரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். ஒன்றில் ‘கிரீஸ்’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘பொன்மணி 4 மூ’ என்பதோடு அறுந்திருந்தது. வண்டி போன இடம், ஏற்றிய சுமை, ஊற்றிய டீசல், மாற்றிய சாமான் எல்லாவற்றையும் அப்பா எழுதி வைத்த நோட்டு அது. டேஷ்போர்டு அறையில் இருந்ததை எலி ஒவ்வொரு பக்கமாகக் கீழே கொண்டு வந்திருக்கிறது. நடுவில் கண் திறக்காத நான்கு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

சீட்டை மெதுவாகத் திரும்ப வைத்தேன். அன்றைக்கு வேறு எதையும் தொட முடியவில்லை.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில். 1993-ல் அப்பா அந்தப் பிக்கப்பைக் கும்பகோணத்தில் ஒரு செங்கல் சூளைக்காரரிடம் பழையதாக வாங்கினார். மகிந்திரா வண்டி. முன்முகம் அப்படியே ஜீப். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்தது. பின்னால் மரப்பலகை அடித்த தொட்டி. உள்ளே பீஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் 90 மில்லிமீட்டர் விட்டம்; பெயரிலேயே அது இருக்கிறது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2112 சி.சி. வரும். உருளையின் கனஅளவு எனக்குப் பிடிபடாமல் போனபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் போட்டுக் காட்டினார். நான் இப்போது திருச்சியில் கணக்கு ஆசிரியை. அந்தப் பாடம் வரும்போது இன்றும் கரும்பலகையில் அந்த இன்ஜினைத்தான் வரைகிறேன்.

அந்த வண்டி விதைநெல் ஏற்றியது, உர மூட்டை ஏற்றியது, கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு போனது. ஒரு ஐப்பசி மழையில், நடுராத்திரி, பக்கத்துத் தெரு அக்காவைப் பிரசவத்துக்கு மன்னார்குடி கொண்டு போனது. தொட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் போட்டு, தார்ப்பாயை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி.

2017-ல் அப்பா போனார். அடுத்த ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் கொட்டகையின் பாதிக் கூரையைக் கொண்டு போயிற்று. மீதிப் பாதிக்குக் கீழே வண்டி நின்றது. குத்தகைக்கு உழுகிறவர் மழை படாமல் இருக்கட்டும் என்று அதைச் சுற்றி வைக்கோலை அடுக்கினார். நல்ல மனதோடு செய்தார். எலிக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். வயலில் கதிர் இருக்கும்வரை எலிக்கு வயலே போதும். கதிர் பொதி கட்டும் பருவத்தில்தான் அது பெருகவும் செய்யும். மூன்று வாரச் சினை, ஒரு ஈற்றில் ஆறேழு குட்டி. அறுத்து முடித்ததும் அவ்வளவும் உணவு தேடிக் களத்துக்கும் வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் நகரும். ஐப்பசி, கார்த்திகையில் வரப்பு வளைக்குள் தண்ணீர் ஏறினால் மறுபடி மேட்டைத் தேடி வரும். ஆண்டுக்கு இரண்டு படையெடுப்பு, ஏழு ஆண்டு. நான் அந்த ஏழு ஆண்டில் பொங்கலுக்கும் திதிக்கும் மட்டும் வந்தேன். கொட்டகை வாசலில் நின்று வண்டியைப் பார்ப்பேன். அப்பா விட்டுப்போன இடத்தில் அது அப்படியே நிற்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படியே நிற்கவில்லை என்பதைச் சீட்டைத் தூக்கிய அன்றுதான் பார்த்தேன்.

தம்பி, “பழைய இரும்புக்கு எடை போட்டுடு அக்கா” என்றான். அவன் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் எனக்கு மனம் வரவில்லை. மன்னார்குடியில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தேன். அவர் கால்மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்ஜின் இருக்கு தங்கச்சி. வண்டிதான் இல்ல.”

டேஷ்போர்டுக்குப் பின்னால் செம்புக் கம்பி நரம்பு நரம்பாகத் தொங்கியது. மேலே இருந்த பிளாஸ்டிக் உறை போய்விட்டிருந்தது. ஏர் கிளீனருக்குள் உளுந்தந்தோல். டீசல் ஹோஸில் பல் தடம். கதவின் உள்கூட்டில் மூன்று படி உமி. எலி வயரைத் தின்பதில்லை. அதன் முன்பற்கள் நான்கும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்புறம் மட்டும் கடினமான எனாமல். அதில் இரும்பு கலந்திருப்பதால்தான் அந்த மஞ்சள் நிறம். பின்புறம் மென்மை. அதனால் கடிக்கக் கடிக்க உளி போலக் கூர் ஏறும். கடிக்காமல் விட்டால் பல் வளைந்து வாயை அடைத்து அதுவே செத்துப் போகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கோபம் குறையவில்லை. எதன்மேல் கோபம் என்பதுதான் குழம்பியது.

குட்டிகளை அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். தாய் வேறெங்கோ தூக்கிப் போயிருந்தது. பிறகுதான் சுத்தம் செய்தோம். துடைப்பத்தை எடுக்கக்கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காய்ந்த புழுக்கையும் தூசியும் மூச்சில் ஏறும். எலியின் சிறுநீர் பட்ட ஈரம், கையில் கீறல் இருந்தால் அதன் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டு வரும். ஆகவே கையுறை, முகத்துணி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். நன்றாக நனைத்து, ஊறவிட்டு, துணியால் வழித்து எடுத்தோம். அப்பாவின் எழுத்து இருந்த துணுக்குகளை மட்டும் தனியாக வெயிலில் காய வைத்தேன். பாய் அதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வயரிங் முழுவதும் புதிது போட்டார். பேட்டரியைக் கடைசி நாள்வரை அருகில் கொண்டுவர விடவில்லை. உறை போன இரண்டு கம்பி ஓரிடத்தில் தொட்டுக்கொண்டால் வண்டியும் கொட்டகையும் போரும் சேர்ந்து போகும் என்றார். டெஸ்ட் லாம்பு வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். பழைய டீசல் இன்ஜினில் ஒரு விசேஷம் உண்டு: ஸ்டார்ட் ஆகும்வரைதான் அதற்கு மின்சாரம் வேண்டும். ஓட ஆரம்பித்துவிட்டால் வயர் எதுவும் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது வாரம், டீசல் பைப்பில் ஏர் எடுத்துவிட்டு, ஹீட்டர் சுவிட்சைப் பிடித்து இருபதுவரை எண்ணினார். அப்பாவும் அப்படித்தான் எண்ணுவார், வாய்விட்டு. முதல் தடவை வெறும் புகை. மூன்றாம் தடவை அந்தச் சத்தம் வந்தது. கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே நின்று கேட்க முடியவில்லை.

வயரிங், பிரேக், டயர், சீட், எஃப்.சி. எல்லாமாக 86,000 ரூபாய் ஆயிற்று. வண்டியைத் துடைத்து, உறை போட்டு மூடி, உள்ளே பாச்சை உருண்டை கட்டித் தொங்கவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கிறது என்று திருச்சிக்குப் போனேன். நாற்பது நாள் கழித்து வந்தேன். ஹெட்லைட் எரியவில்லை. பானெட்டைத் தூக்கினால் புதிய வயரில் நான்கு இடத்தில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. பேட்டரியின்மேல் வைக்கோல் பரப்பி ஒரு படுக்கை.

அன்று நான் விஷம் வைக்கத்தான் நினைத்தேன். தடுத்தது கிட்டி வைக்கிற தாத்தா. தஞ்சாவூர்க் கிட்டி என்பார்களே, மூங்கிலை வில்லாக வளைத்து வளைவாசலில் ஊன்றும் பொறி, அதில் எங்கள் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் குறைவு. வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “இது வரப்பெலி இல்ல பாப்பா. அது மண்ணுதான் தோண்டும். இது ஏறுற சாதி, கூரைல இருந்து கயித்து வழியா வருது. இதுக்குக் கிட்டி ஆகாது” என்றார். விஷத்தைப் பற்றிக் கேட்டேன். பனைமரத்தைக் கை காட்டினார். அங்கே ஒரு கூகை இருக்கிறது. ராத்திரிக்கு இரண்டு மூன்று எலியாவது பிடிக்கும், முழுசாக விழுங்கிவிட்டு எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். விஷம் தின்ற எலியைத் தின்றால் அதுவும் போய்விடும். “அப்புறம் அது பாக்குற வேலையை யாரு பாக்குறது?” என்றார். பிறகு, வண்டியின் தொட்டிப் பலகையைத் தட்டிக்கொண்டே, “உங்கப்பா இருக்கையிலயும் இந்தக் கொட்டாயில எலி இருந்துச்சு. அவரு தினம் வண்டியை எடுத்தாரு. அது ஒண்டறதுக்கு நேரம் குடுக்கல” என்றார்.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நிலக் கணக்கு நினைவுக்கு வந்தது. நம் கிராமங்களில் ஒரு நிலத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. சிட்டாவில் உடையவர் பெயர் இருக்கும். அடங்கலில் அந்தப் பசலி ஆண்டில் அங்கே என்ன பயிர், யார் சாகுபடி என்பது இருக்கும். ஒருவர் சிட்டாவில் முப்பது ஆண்டு இருக்கலாம், ஒரு போகமும் அடங்கலில் வராமல். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது. ஆனால் இந்த ஏழு ஆண்டுக்கு யாராவது அடங்கல் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? அங்கே தூங்கியது யார், குட்டி போட்டது யார், தானியம் சேர்த்தது யார், அப்பாவின் நோட்டைத் திறந்தது யார்? நான் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனேன். அதை அன்பு என்று நம்பினேன். அன்புதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அப்பா விட்ட இடத்திலேயே அசையாமல் நிற்கட்டும் என்று கேட்ட அன்பு அது.

இந்த எண்ணம் வண்டியோடு நிற்கவில்லை. பூட்டிக் கிடக்கும் எங்கள் வீடு, கண்ணாடி அலமாரியில் அம்மாவின் வீணை, ஆண்டுக்கு ஒரு முறை போனில் பேசும் அத்தை என்று வரிசையாக வந்தது. தஞ்சாவூர் வரும்வரை வந்துகொண்டே இருந்தது.

வாரம் தவறாமல் நான் வர முடியாது. குத்தகைக்கு உழுகிறவரின் மகன் லைசென்ஸ் எடுத்திருந்தான். சாவியை அவனிடம் கொடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. வாங்கியதிலிருந்து அப்பா இருந்தவரை அவரைத் தவிர அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் கிடையாது. கியர் போடத் தெரியுமா, இடித்துவிடுவானோ, பாட்டுப் பெட்டி மாட்டிவிடுவானோ என்று எனக்குள் ஓடியதெல்லாம் வண்டியைப் பற்றிய கவலை இல்லை என்பது எனக்கே தெரிந்தது. கொடுத்தேன். தினம் ஒரு நடையாவது எடுக்கணும், நெல்லோ மூட்டையோ ஏற்றி உங்கள் வேலைக்கே ஓட்டுங்கள் என்றேன். “சரிக்கா” என்றான். பாய் மறுபடி வயர் போட்டார். வைக்கோல் போரைக் களத்தின் மறுகோடிக்கு மாற்றினோம். கூரையிலிருந்து தொங்கிய கயிறுகளை அறுத்தோம். ஓட்டைகளுக்குக் கால் அங்குலத்துக்கும் குறைவான கண்ணுள்ள கம்பிவலை அடித்தோம். சுண்டெலி பென்சில் நுழையும் சந்தில் நுழைந்துவிடும். ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைக்கச் சொன்னார் பாய். மறைவு இல்லாத இடத்தில் அது கூடு கட்டாதாம்.

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை போனேன். தொட்டியில் உளுந்து சிந்திக் கிடந்தது, பலகையில் புதிதாக ஒரு சிராய்ப்பு. டேஷ்போர்டு அறையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே நாற்பது பக்க நோட்டு, டீசல் கணக்கு, அவன் கையெழுத்து. ஏறி உட்கார்ந்தேன். சீட்டு பின்னால் தள்ளியிருந்தது, கால் கிளட்சுக்கு எட்டவில்லை. கண்ணாடியில் சாலை தெரியவில்லை; பனைமரத்தின் உச்சி தெரிந்தது. அவன் என்னைவிட உயரம். சீட்டை மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தொடாமல், ஹீட்டர் சுவிட்சைப் பிடித்து இருபதுவரை எண்ணினேன்.