பிறர் பிழையால் வரும் பொருள்

இல்லறத்தார் விலக்க வேண்டிய ஏழு தீயொழுக்கங்களை எண்ணுமிடத்து, நம் ஆன்றோர் சூதினையே முதற்கண் வைத்தனர். ஆயின், பொருள் வையாது சூதாட்டமொன்றின் விதிகளை அறிந்துகொள்வதும் குற்றமாகுமோ? விடுமுறைக்கு வந்திருந்த பெயரன் இவ்வினாவை எழுப்பினான். புளியங்கொட்டைகளைப் பணயமாக்கி, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் வளர்ந்த ‘போக்கர்’ என்னும் சீட்டாட்டத்தை நமக்குக் கற்பித்தான்.

விதிகள் எளியன. ஒவ்வொருவர்க்கும் மறைவாக 2 சீட்டுகள்; நடுவே எல்லார்க்கும் பொதுவாக 5 சீட்டுகள். இவ்வேழனுள் சிறந்த ஐந்தே ஒருவரது கை. பொதுச்சீட்டுகள் முதலில் மூன்றும், பின்னர் ஒவ்வொன்றாக இரண்டும் திறக்கப்படும். நான்கு சுற்றுகளிலும் பணயத்தை உயர்த்தலாம். அன்றிச் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். கணக்கும் உண்டு. மூன்று பொதுச்சீட்டுகள் திறந்த நிலையில் ஒரே இனச் சீட்டுகள் நான்கு நமக்குக் கிட்டின், காணாத 47 சீட்டுகளுள் 9 அவ்வினத்தன. அடுத்த சீட்டிலேயே ஐந்தாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இதனை அறிதல் கல்வியே. இதில் குற்றம் கண்டிலோம்.

பின்னர் உத்திகளைக் கூறினான். மெலிந்த கையை வலிய கைபோற் காட்டி, எதிரியை விலகச் செய்வது ‘பிளஃப்’. “எல்லாரும் உடன்பட்ட விதிதானே பாட்டி, இது பொய்யாகுமா?” என்றான். புளியங்கொட்டையளவில், விடுகதை போடுவோர் விடையை மறைத்தல் போன்றதே அது என்றோம். “நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலான கைகளைத் துறந்துவிடுவார்” என்றான். பெரிதைக் கவரும்பொருட்டுச் சிறிதை விடுதல் துறவாகாது. அது பற்றின் பொறுமையே என்றோம்.

இறுதியாக, “எதிரி பிழை செய்தால்தான் நமக்கு வரவு” என்றான். மாணவன் பிழையைக் கண்டால் திருத்துக என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடம். இங்கோ பிழையைக் கண்டும் வாளாவிருத்தல் வேண்டும். அது தொடர வேண்டுமென விரும்பவும் வேண்டும். பணயம் பணமாயின், தோற்றவர் வீட்டு உலையரிசியும் அக்குவியலுள் இருக்கும்.

இவ்வாட்டம் திறமையின்பாற்பட்டதா, வாய்ப்பின்பாற்பட்டதா என்று நீதிமன்றங்களில் வழக்காடினர். ரம்மியும் போக்கரும் வாய்ப்பு விளையாட்டுகள் அல்ல என 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ அவ்வேறுபாடு நோக்காது இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. அறம் வினவுவது வேறு: ஆடுவான் உள்ளத்தில் மாயையும் உலோபமும் வளர்கின்றனவா? திறமை மிகுந்தால் குற்றம் குறைவதில்லை. பிறர் பிழையை நன்கு காண்பவனே நன்கு கவர்பவன்.

பெயரன் பேசாதிருந்தான். அடுத்த சுற்றில் அவன் தங்கை வெல்லும் கையை அறியாது கவிழ்க்கப் போனாள். “கவிழ்க்காதே” என்று தடுத்து, காரணத்தையும் விளக்கினான். அவன் புளியங்கொட்டைகளெல்லாம் அவளிடம் சென்றன. நம் பிள்ளைகள் இவ்வாறு தோற்கக் கற்பார்களாயின், அவ்விதிகளை அறிந்ததனால் தீங்கொன்றும் இல்லை.