கிரயமும் கடனும்

பணம் கொடுத்து உண்ட சோற்றுக்காக உண்டவன் எவருக்கேனும் கடன்பட்டவன் ஆவானா? தாய் பரிமாறிய அன்னத்துக்கும் சத்திரத்தில் தர்மமாகக் கிடைத்த அன்னத்துக்கும் நன்றி பாராட்ட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்பவர்கள்கூட, உணவு விடுதியில் கிரயத்தைச் செலுத்தி வெளியேறியதும் கணக்குத் தீர்ந்துவிட்டதாகவே கருதுகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டை வயல்வெளிகளின் நடுவே வாழும் எனக்கு இக்கருத்து உடன்பாடன்று. அதன் காரணத்தை விளக்க, தென்கொரிய நாட்டின் கடற்கரைப் பட்டினமான பூசானைத் துணைக்கு அழைக்கிறேன்.

அந்நகரில் ஒரு நாள் முழுவதும் கடைகளிலேயே உண்பவன், அறிந்தோ அறியாமலோ, ஒரு மகாயுத்தத்தின் பசியோடு சம்பந்தம் கொள்கிறான். 1950-இல் மூண்ட கொரியப் போர் 1953-இல் ஓய்ந்தது. அப்போரின்போது பூசான் அந்நாட்டின் தற்காலிகத் தலைநகராயிற்று. வீடிழந்த அகதிகள் லட்சக்கணக்கில் அங்கே வந்து குவிந்தார்கள். வடபுலத்திலிருந்து வந்தவர்கள், தம் ஊர்த் தானியம் கிடைக்காத நிலையில், உதவியாக வந்த கோதுமை மாவைக்கொண்டே தம் குளிர்ந்த நூடுல்ஸைச் செய்துகொண்டார்கள். 'மில்ம்யொன்' என்று இன்று விரும்பி உண்ணப்படும் பதார்த்தம் அவ்வாறு பிறந்தது. பன்றி எலும்பைக் கொதிக்கவைத்த சாற்றில் சோறிட்டு உண்ணும் 'தேஜி குக்பாப்'பையும் அக்காலத்து வறுமையோடு சேர்த்தே அந்நகரத்தார் நினைவுகூர்கிறார்கள். நம் ஊர் இசுலாமிய அன்பர்களுக்கு அது விலக்கப்பட்டது, எனக்கும் ஆகாது. எனினும் விலக்குகள் சமயந்தோறும் வேறுபடுமே ஒழிய, பசித்த ஜீவனின் துயரம் வேறுபடுவதில்லை. அத்துயரத்திலிருந்து பிறந்த உணவை உண்பவன் அதற்கும் கடன்பட்டவனே.

பூசானின் சகல்ச்சி மீன் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. கீழ்த்தளத்து நீர்த்தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும் மீனைச் சுட்டிக்காட்டி விலைபேசி வாங்கினால், மேல்தளத்து விடுதியில் அதை அறுத்துப் பரிமாறுவார்கள். ஜீவகாருண்யம் பேசும் நமக்கு இது நெஞ்சை உறுத்துகிற காட்சி. அக்கொலையை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் என் கேள்விக்கு அங்கேதான் விடை கிடைக்கிறது. கொடுத்த கிரயம் மீன் விற்ற பெண்மணிக்குச் சேர்ந்தது, சமைத்தவருக்குச் சேர்ந்தது, கட்டிடத்து வாடகைக்கும் சேர்ந்தது. உயிரைக் கொடுத்த மீனுக்கு என்ன சேர்ந்தது? சைவ உணவு உண்போரும் இக்கேள்வியிலிருந்து தப்பிவிட முடியாது. ஏர் மண்ணைக் கீறும்போது மடிகிற புழுக்களுக்கும், சேற்றில் நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டும் அற்பக் கூலியே பெறுகிற பெண்களுக்கும், எங்கள் ஊருக்கு அருகேயுள்ள ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை நிரப்பிய மழைக்கும் எந்த ஓட்டல் ரசீதில் பணம் எழுதப்படுகிறது?

அதே பூசானில், கி.பி. 678-இல் உய்சாங் என்னும் பிக்ஷு ஸ்தாபித்த போமோசா என்ற மலைக்கோயில் இருக்கிறது. கொரியப் பௌத்த மடங்களின் சம்பிரதாயப்படி, ஒன்றினுள் ஒன்று அடங்கும் நான்கு பாத்திரங்களில் உணவைப் பெறும் துறவி, இவ்வுணவு எவ்விடத்திலிருந்து எத்தனை பேர் உழைப்பால் வந்தது, இதைப் பெற நான் தகுதி உடையவனா என்று முதலில் சிந்திக்கிறார். உண்டு முடித்தபின் பாத்திரத்தைக் கழுவிய நீரையும் அருந்திவிடுகிறார். பிச்சையாகப் பெற்ற உணவுக்கு வகுத்த இந்நியமம், விலைகொடுத்து வாங்கிய உணவுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பது என் துணிபு. ஏனெனில், பிச்சை ஏற்பவனுக்குத் தன் கடன் தெரியும், விலை கொடுப்பவனுக்கு அது மறந்துபோகிறது.

சோறு விற்பதே இழிவென்று முன்னோர் சிலர் கொண்ட எண்ணத்தை நான் ஏற்கவில்லை. திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கி, அவர் அணிந்த தலைப்பாகையாலேயே பெயர்பெற்றுவிட்ட பிரியாணிக் கடையும், பேருந்து நிலையத்து ஓரத்தில் இட்லி விற்கும் மூதாட்டியும் வெளியூர்ப் பிரயாணிகளுக்கும் கூலியாட்களுக்கும் பசி தீர்க்கிறார்கள். அது வியாபாரமாயினும் தர்மத்துக்குப் புறம்பானதன்று. குறை உண்பவனுடைய மனத்தில்தான் இருக்கிறது. ரம்ஜான் மாதத்து மாலைகளில் பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிச் செல்லும் பிற சமயத்தார் அதில் ஒரு பருக்கையையும் சிந்தவிடுவதில்லை. அவர்களே ஓட்டலில் பாதி இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து போவதைக் காண்கிறேன். இலவசமாக வந்ததற்குள்ள மரியாதை, காசு கொடுத்ததும் எங்கே போய்விடுகிறது?

ஆகவே, வெளியில் உண்ணும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்: உண்ண முடிந்த அளவே கேளுங்கள், இலையில் மிச்சம் வைக்காதீர்கள், எழுமுன், பரிமாறிய பிள்ளையிடம், "நீ சாப்பிட்டாயா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.